கோட்டை போச்சு, பாடு இருக்கு!

பழவேற்காடு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பத்திரிகையில் வரும். பூநாரைகள் வந்து இறங்கினால் ஒரு வண்ணப்படம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தோடு இன்னொரு படம். படகு கவிழ்ந்தால் முதல் பக்கம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பொழுதைக் கழிக்க வந்தவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அந்த வாரம் வந்த கேமராக்கள் அந்த வாரமே திரும்பிப் போய்விட்டன.

பறவையும் இல்லாத, ராக்கெட்டும் இல்லாத, சாவும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் நான் அங்கே போனேன். கூட வந்த நண்பர் பழைய கட்டடம் என்றால் உயிரை விடுவார். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறியதிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ‘மறக்கப்பட்ட டச்சு நகரம் சார் இது!’

எனக்கு அந்த ‘மறக்கப்பட்ட’ மேல்தான் கோபம். யார் மறந்தது? அந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்த மாதிரி தெரியவில்லை. கோட்டைக்குப்பம் என்று இன்னமும் ஒரு ஊர் இருக்கிறது. கோட்டை இடிந்து இருநூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் பெயரில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மறந்தது நாம். அறுபது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு, அவர்கள் பிடிக்கிற இறாலைத் தின்றுகொண்டு, அவர்கள் பக்கத்துக் கழிமுகத்தில் சாம்பல் கொட்டித் தயாரிக்கும் மின்சாரத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு, ‘அடடா, மறக்கப்பட்ட ஊர்’ என்று உச்சுக்கொட்டுகிறோம்.

சரி, டச்சுக் கல்லறைக்குப் போனோம்.

வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன. உள்ளே 17ம் நூற்றாண்டுக் கல்லறைகள். கவர்னர்கள், வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார்கள், குழந்தைகள். அழகான எழுத்துகள், குலச் சின்னங்கள், பூ வேலைப்பாடு. தொல்லியல் துறையின் பலகை நிற்கிறது. 1958ம் வருஷச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம். கை வைத்தால் தண்டனை. 2010ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

நல்ல சட்டம்தான். நான் குறை சொல்லவில்லை. செத்தவர்களுக்கு மரியாதை கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால், இந்தக் கல்லறைக்குள் கிடப்பவர்கள் இங்கே வந்து என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வைத்திருந்தால் மரியாதை முழுசாகியிருக்கும்.

1602ல் ஹாலந்தில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பொதுமக்களுக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனி. சாதாரணக் கம்பெனி இல்லை. கோட்டை கட்டலாம், சண்டை போடலாம், ராஜாக்களோடு ஒப்பந்தம் செய்யலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வேண்டும். அந்தத் தீவுக்காரர்களோ சோழமண்டலக் கரைத் துணியைத்தான் கேட்டார்கள். சாயவேரில் சிவப்பேற்றிய துணி, கட்டம் போட்ட துணி. அந்தச் சந்தையில் துணிதான் பணம். அந்தப் பணம் நெய்யப்பட்ட இடங்களுக்குத் துறைமுகம் பழவேற்காடு.

இன்றைக்கும் கடையில் போய் ‘பளையகாட் கைலி’ என்று கேட்கிறோமே, அந்தப் பளையகாட் எது என்று நினைத்தீர்கள்? இந்த ஊர்தான். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். உலகம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் ஒரு ஊரை, நாம் ‘மறக்கப்பட்ட ஊர்’ என்கிறோம்!

டச்சுக்காரன் வந்துதான் ஊர் உண்டானது என்பதும் பொய். அவனுக்கு முன்னால் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1515ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் அவர்கள் காலத்து ஞாபகம். அவர்களுக்கும் முன்பே மலாக்கா வரை கப்பல் விட்ட வியாபாரிகள் இந்தக் கரையில் இருந்தார்கள். தெலுங்குச் செட்டிகளும் தமிழ் முஸ்லிம்களும் அதில் உண்டு. சூரியக் கடிகாரம் வைத்த பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. வந்தவன் எல்லோரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கடையில்தான் கல்லாவைப் பிடிக்கப் பார்த்தான்.

1610ல் டச்சுக்காரர்கள் விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கினார்கள். 1612ல் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியர்கள் வந்து அவர்கள் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழவேற்காடு சென்னைக்கு அக்கா. 1620களின் தொடக்கத்தில் இங்கிலீஷ்காரர்களும் இதே பழவேற்காட்டில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார்கள். ஏரியின் வடக்குப் பக்கத்தில், ஆர்மகான் என்று அவர்கள் எழுதிய இடத்தில், 1626ல் கடை போட்டார்கள். அதுவும் சரிப்படாமல்தான் மதராசப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 22 வந்தால் தங்கைக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் அமர்க்களப்படுகிறது. அக்காவைக் கூப்பிடுகிறோமா?

இதுவரை சொன்னது பெருமை. இனிமேல் சொல்லப்போவதைப் பலகையில் எழுதுவது கஷ்டம்.

இந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. வெடிமருந்து போனது. மனிதர்கள் போனார்கள். டச்சு ஆவணங்களைத் துழாவிய ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு இது: 1621 முதல் 1665 வரை சோழமண்டலக் கரையிலிருந்து 131 கப்பல்களில் 38,441 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அந்த வியாபாரத்தின் பெரிய துறை பழவேற்காடு. மழை பொய்த்துப் பஞ்சம் வந்த வருஷங்களில் வியாபாரம் சூடுபிடித்தது. வயிற்றுக்கு இல்லாமல் தன்னையே விற்றவர்கள், பிள்ளையை விற்றவர்கள், தரகர்கள் பிடித்துக்கொண்டு வந்து விற்றவர்கள் என்று எல்லோரும் பத்தேவியாவுக்கும் அதைச் சுற்றியிருந்த தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

கல்லறையில் அவர்களைத் தேடினேன். ஒரு எழுத்து இல்லை. அவர்களை வாங்கி விற்ற கம்பெனியின் அதிகாரிகளுக்கு அழகான கல். விற்கப்பட்டவர்களுக்குக் கூழாங்கல் கூட இல்லை. நாமும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ‘சூப்பர் ஹெரிடேஜ் சார்’ என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

கோட்டை இருந்த இடத்தைப் பார்க்கப் போனோம். முள்ளும் புதரும். அகழியின் மிச்சம். 1690ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781ல் அதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்ப இங்கேயே வந்தார்கள். 1795ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள், பிறகு கோட்டையை இடித்தார்கள். 1825ல் ஊரே நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது. நண்பர் கண் கலங்காத குறை. ‘எப்பேர்ப்பட்ட கோட்டை, இப்படி ஆகிவிட்டதே!’

அந்த நேரத்தில்தான் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலைக்குக் கழி சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்பர் அங்கலாய்ப்பதைக் கேட்டுச் சிரித்தார்.

“கோட்ட போனா போவுது தம்பி. பாடு இருக்குது இல்ல?”

நண்பருக்குப் புரியவில்லை. கஷ்டப்படுகிறோம் என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பெரியவர் சொன்னது அதுவும்தான். ஆனால், முதலில் வேறு ஒன்று.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் கிடைத்துவிடாது. கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். அது திரும்பும் நீரோட்டத்தில், கழி நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் சிலதான் உண்டு. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. வலுத்தவன் வளைத்துப் போட்டுக்கொண்டால் இளைத்தவன் என்ன செய்வான்? அதற்குத்தான் ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் பாட்டு ஊர்கள். தலைக்கட்டுக் கணக்கு எடுத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால், அடுத்த முறை வேறொருவனுக்கு. முறை தப்பினால் ஊர் கூடிக் கேட்கும்.

1968ல் ஹார்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். உலகமே தலையாட்டியது. அப்படி ஒன்றும் இல்லை, ஜனங்களே கட்டுப்பாடு வைத்துக் காப்பாற்றுவார்கள் என்று நிரூபித்ததற்காக எலினார் ஆஸ்ட்ரோம் என்ற அம்மாளுக்கு 2009ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். நோபல் பரிசு போன விஷயத்தைக் கோட்டைக்குப்பத்தில் கழி சீவிக்கொண்டே சொல்கிறார்கள். நாமோ இடிந்த செங்கல்லைப் பார்த்துக் கண் கலங்குகிறோம்.

உடனே ‘பாடு’ சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் முறை உள்ளவர்கள் அந்த மூன்று ஊர்ப் பட்டினவர் ஆண்கள் மட்டும்தான். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் இடம் இல்லை. தலித்துகளுக்கு இல்லை. வெயிலில் கூடை சுமந்து மீன் விற்கிற அந்த ஊர்ப் பெண்களுக்கே இல்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்க ஆரம்பித்த பிறகு, ‘ஏரி உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?’ என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்டார்கள். சண்டை நடந்தது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால், ஏரி இருந்தால்தானே பங்கு கேட்கவும் முடியும், கொடுக்கவும் முடியும்?

அங்கேதான் இன்றைய கம்பெனிகள் வருகின்றன.

தெற்கே எண்ணூர். 2001ல் அங்கே புதுத் துறைமுகம் இயங்க ஆரம்பித்தது. கொஞ்சம் வடக்கே தள்ளிக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தையே இடம் மாற்றினார்கள். வேலை நிரந்தரம் செய்யச் சொல்லி அந்த ஜனங்கள் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2018ல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட்டார்கள். அதில் ஒரு பெரிய பகுதி கடலையே தூர்த்து உண்டாக்க வேண்டிய நிலம்.

‘துறைமுகம் வந்தால் என்னய்யா, வேலை கிடைக்குமே’ என்று கேட்பவர்களை மெரினாவுக்குப் போய் நிற்கச் சொல்கிறேன். அவ்வளவு அகலமான மணல் எப்படி வந்தது? 19ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா கொழுத்தது. வடக்கே ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடல் கடித்துத் தின்றது. நமக்குச் சுண்டல் சாப்பிட இடம் கிடைத்தது. அவர்களுக்கு வீடு போனது.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது எது? பழவேற்காடு. கடலுக்கும் உள்நீருக்கும் நடுவே அங்கே இருப்பது ஒரு மணல் திட்டு. அது கரைந்தால் ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்று மீனவர்கள் பயப்படுகிறார்கள். அது படிக்காதவர்கள் பயம் என்று ஒதுக்க முடியாது. சுற்றுச்சூழல் ஆய்வாளர்களும் அதையேதான் எச்சரிக்கிறார்கள். ஏற்கெனவே முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து போகிறது. முகத்துவாரம் அடைந்தால் இறால் வராது. இறால் வராவிட்டால் பாடு ஏது?

2021 ஜனவரியில் துறைமுக விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஒத்தி வைத்தார்கள். அதே வருஷம் தேர்தலில், விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்து தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 2023 செப்டம்பரில் மறுபடியும் கூட்டம் அறிவித்தார்கள். மறுபடியும் ஒத்தி வைத்தார்கள். ‘ஒத்தி வைப்பது’ என்றால் என்ன அர்த்தம் என்று கடன் வாங்கினவர்களுக்குத் தெரியும். கடன்காரன் இன்றைக்குப் போய்விட்டான், இன்னொரு நாள் வருவான்.

ஒரு பட்டியல் போடுகிறேன். செத்துப்போன டச்சுக்காரர்களுக்கு 1958 சட்டம் இருக்கிறது. பூநாரைகளுக்கு 1980லேயே சரணாலயம் அறிவித்தாயிற்று. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவன் கடலுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. 1970களிலிருந்து அவன் அதைப் பொறுத்துக்கொண்டு வருகிறான். மூன்றும் இருக்கட்டும். நாட்டுக்கு ராக்கெட் வேண்டும், ஏரிக்குப் பறவை வேண்டும். ஆனால், தலைமுறை தலைமுறையாக ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டு காப்பாற்றி வந்தவனுக்கு?

அவனுக்கும் காகிதத்தில் ஒன்று இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2011லும் 2019லும் வந்தது. மீனவர் குப்பங்களையும், மீன்பிடி இடங்களையும், அவர்கள் பொதுவில் புழங்கும் இடங்களையும் கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. ஆனால், வரைபடங்கள் வெளிவரும்போதெல்லாம், ‘எங்க இடத்தைக் காணோம்’ என்று மீனவர் சங்கங்கள் கத்த வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் இல்லாத இடம் சர்க்காருக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தூர்க்கலாம், சாம்பல் கொட்டலாம்.

ஆகவே, அரசாங்கத்திடம் நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: பாட்டு இடங்களையும், இருளர்கள் கையால் இறால் பிடிக்கும் இடங்களையும் சேர்த்து, அந்த ஜனங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் எழுதுங்கள். கல்லறையைச் சுற்றி 100 மீட்டர் அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இரண்டு: துறைமுக விரிவாக்கத்தை ஒத்தி வைத்தது போதும். வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தேர்தல் வாக்குறுதி என்பது ஊருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். டச்சுக் கம்பெனிக்கே அனுமதி எழுதிக் கொடுத்த பூமி இது.

மூன்று: டச்சுக் கல்லறை வாசலில் ஒரு கல் நடுங்கள். பெரிதாக வேண்டாம். பூ வேலைப்பாடு வேண்டாம். ‘இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான நம் மனிதர்கள் விற்கப்பட்டார்கள்’ என்று தமிழில் நாலு வரி. நண்பரைப் போல வருகிறவர்கள் எலும்புக்கூட்டைப் பார்க்கும் முன்பு அதைப் படிக்கட்டும்.

சாயங்காலம் கிளம்பும்போது பெரியவரிடம் அந்த 38,441 பேர் கணக்கைச் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த கழியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கல்லறைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அங்க படுத்திருக்காங்களே, அவங்களப் பாக்க வெளிநாட்டுக்காரங்க எப்பவாச்சும் காருல வருவாங்க தம்பி. பாத்துட்டுப் போவாங்க. நீ சொல்றியே, கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்கன்னு... அவங்க பேரப்புள்ளைங்க அந்த ஊர்ல இருப்பாங்க இல்ல? யாராச்சும் வந்தா இங்க இட்டுகினு வா. ஏரி நல்லா இருந்தா ரெண்டு எறா கொழம்பு வெச்சிப் போடலாம்.”

ஏரி நல்லா இருந்தா.